மஞ்சக்கால் தவளையைத் தேடி ஆறு நாள்: சியரா நெவாடா பயணக் குறிப்பு

நாள் 1: சான் பிரான்சிஸ்கோல இருந்து டயோகா கணவாய்

காலைல அஞ்சரைக்கே சான் பிரான்சிஸ்கோல இருந்து கிளம்பிட்டோம், நானும் தங்கச்சியும் மட்டும்தான். அவ கலிபோர்னியா சியரா நெவாடா மலை ஏரிங்கள்ல இருக்குற மஞ்சக்கால் தவளையோட தோல்ல வாழ்ற பாக்டீரியாவைப் பத்தி ஆராய்ச்சி பண்றவ, நாலு வருஷமா லேப்ல கண்ணாடித் தட்டுல அதை வளர்த்து வளர்த்துப் பாத்துட்டு இருக்கா, ஆனா அந்தத் தவளை வாழ்ற ஏரிய ஒரு தடவைகூட நேர்ல பாத்ததில்லயாம். போன மாசம் போன் பண்ணி "அண்ணா, ஒரு வாரம் லீவு போட முடியுமா, மலை ஏறணும், தனியா போக பயமா இருக்கு"ன்னா. எனக்குத் தவளையப் பத்தி ஒண்ணும் தெரியாது, அவ கேட்டு நான் வேணாம்னு சொன்னதும் கிடையாது, சரின்னுட்டேன்.

சமவெளி முழுக்க வெயில் கொளுத்துது, ஓக்டேல், க்ரோவ்லேண்ட் தாண்டி மலை ஏற ஆரம்பிச்சதும்தான் ஜன்னல இறக்கினோம். யோசெமிட்டி வாசல்ல நுழைஞ்சு டயோகா ரோடு புடிச்சா ரெண்டு பக்கமும் வெள்ளை வெளேர்னு கிரானைட் பாறை, அதுக்கு நடுவுல டெனாயா ஏரி. தண்ணி அவ்ளோ தெளிவு, முட்டி ஆழத்துல கிடக்குற கூழாங்கல்லக்கூட எண்ணலாம். நான் ஷூவோடயே இறங்கி நின்னுட்டேன், கழட்டக்கூட தோணல.

தப்பு அங்கதான் ஆரம்பிச்சுது. அங்க இருந்து கணவாய் உச்சிக்குப் போனோம், 3,031 மீட்டர், ரோட்டோரமா சின்னச் சின்னக் குட்டை நிறைய இருக்கு. ஒரு குட்டை ஓரத்துல கட்டைவிரல் அளவுக்கு ஒரு தவளை தாவுச்சு, கண்ணுக்குக் குறுக்க மை தீட்டின மாதிரி கறுப்புக் கோடு, நான் போட்டோ எடுக்கணும்னு ஒரு கால சேத்துல வெச்சுட்டேன். பின்னாடி இருந்து "நில்லுண்ணா! கால எடு!"ன்னு ஒரு சத்தம். அவ அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்ல.

ஷூ ரெண்டும் சொட்டச் சொட்ட ஈரம், டெனாயா ஏரித் தண்ணி அப்படியே உள்ள இருக்கு. அத இன்னொரு தண்ணிக்குக் கொண்டுட்டு வந்துட்டேன். உலகம் முழுக்க தவளைய அழிச்சிட்டு இருக்குற கைட்ரிட் பூஞ்சை தண்ணில நீந்திப் போற பூஞ்சை, அதோட வித்துக்கு ஒரு வால் இருக்கு, கண்ணுக்குத் தெரியாது, ஈரச் சேறு ஒரு பிடி போதும் அது ஊர் விட்டு ஊர் போக. "இந்த ரெண்டு இடத்துலயும் ஏற்கனவே பூஞ்சை இருக்கலாம்ணா, ஆனா அது தெரியாத வரைக்கும் இல்லைன்னுதான் நெனச்சு நடக்கணும்"னு சொல்லிட்டு கார்ல ஏறி உக்காந்துட்டா. லீ வைனிங் வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் பேசிக்கல. எனக்கு மனசே சரியில்ல.

நான் பாத்த குட்டித் தவளை பசிபிக் கோரஸ் தவளையாம். அதுக்குப் பூஞ்சை தொத்தினாலும் அது பெருசா சாகாது, உடம்புல சுமந்துட்டு ஏரிக்கு ஏரி தாவிட்டே இருக்கும். அதனாலதான் மஞ்சக்கால் தவளை மொத்தமா செத்துப்போன ஏரிலகூட பூஞ்சை காலி ஆகுறதில்ல, கோரஸ் தவளை உடம்புல அது பாட்டுக்கு உயிரோட இருக்கும்.

ராத்திரி ரூம் வாசல்ல பிரஷ் போட்டு என் ஷூவ அவதான் தேய்ச்சா, ப்ளீச் கலந்த தண்ணி ஒரு வாளில. நான் வாங்கித் தேய்க்குறேன்னு சொன்னதுக்கு "நீ இடுக்குல விட்டுடுவண்ணா"ன்னா. அப்புறம்தான் முகம் கொஞ்சம் தெளிஞ்சுது.

நாள் 2: 395 ஹைவேல தெற்கே, பிஷப் ஊர் வரைக்கும்

மோனோ ஏரிய அரைமணி நேரம் பாத்தோம். கடலவிட உப்பு ஜாஸ்தி, மீனும் கிடையாது, தவளையும் கிடையாது, உப்பு இறாலும் கரை முழுக்க ஈயும்தான். அழகுதான், ஆனா எங்க வேலை அங்க இல்ல.

மம்மத் லேக்ஸ் தாண்டினதும் ரோட்டுக்குப் பக்கத்துல கலிபோர்னியா பல்கலைக்கழகத்தோட ஆராய்ச்சி நிலையம் ஒண்ணு இருக்கு, சியரா நெவாடா நீர்வாழ் ஆராய்ச்சி லேப்னு பேரு. ரோலண்ட் நாப்னு ஒரு விஞ்ஞானி அங்க இருந்துதான் பல வருஷமா இந்தத் தவளைங்க பின்னாடியே நடந்துட்டு இருக்காரு. நாங்க உள்ள போகல, தங்கச்சி மட்டும் காரை ஓரங்கட்டிட்டு அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் பாத்துட்டு இருந்தா.

பிஷப்ல பர்மிட் வாங்கியாச்சு, கரடி திறக்க முடியாத சாப்பாட்டு டப்பாவும் வாடகைக்கு எடுத்தாச்சு. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் மோட்டல் வராண்டால உக்காந்து, நேத்து நான் வெச்ச கால் ஏன் அவ்ளோ பெரிய விஷயம்னு முழுசா கேட்டேன். அவ சொன்னத எனக்குப் புரிஞ்ச வரைக்கும் எழுதுறேன்.

தவளைக்குத் தோல்ங்கிறது நம்ம தோல் மாதிரி வெறும் போர்வை இல்ல. தண்ணி குடிக்கிறது தோல் வழியா, மூச்சுல ஒரு பங்கு தோல் வழியா, ரத்தத்துல இருக்கவேண்டிய உப்ப சரியா வெச்சுக்குறதும் தோல்தான். கைட்ரிட் பூஞ்சையோட வித்து நீந்தி வந்து தோல்ல ஒட்டி உள்ள எறங்கும், அங்க உருண்டையா ஒரு பை மாதிரி வளரும், நாலஞ்சு நாள்ல அந்தப் பைக்குள்ள புது வித்துங்க நிறைஞ்சு, சின்னக் குழாய் ஒண்ணு தோலுக்கு வெளிய நீட்டி அது வழியா கொட்டும். கொட்டினதுல கொஞ்சம் அதே தவளை மேலயே திரும்ப ஒட்டும். அப்படியே பெருகிப் பெருகி தோல் தடிச்சுப் போயிடும், சோடியமும் பொட்டாசியமும் ரத்தத்துல எறங்கும், கடைசில இதயம் நின்னுடும். இத 2009லதான் ஆஸ்திரேலியால தெளிவா நிரூபிச்சாங்க. அவ இதச் சொல்றப்போ ரெண்டு கையையும் சேத்து மூடிக் காட்டினா, உள்ள ஒரு தவளை இருக்குற மாதிரி.

இந்தப் பூஞ்சைக்குப் பேரே 1999லதான் வெச்சாங்க, வாஷிங்டன் மிருகக்காட்சி சாலைல செத்துப்போன ஒரு நீல நிற விஷத் தவளைல இருந்து பிரிச்சு எடுத்து. அதுக்கு முந்தின வருஷம்தான் ஆஸ்திரேலியாலயும் பனாமாலயும் கூட்டம் கூட்டமா தவளை சாகுறதுக்கு இதுதான் காரணம்னு தெரிஞ்சுது. 2019ல கணக்குப் பாத்தப்போ 501 இனம் இதனால குறைஞ்சிருக்கு, அதுல 90 இனம் அழிஞ்சே போச்சுன்னு கருதுறாங்க. எங்க இருந்து கிளம்புச்சுன்னு மரபணுவ வெச்சுத் தேடினப்போ கொரியத் தீபகற்பத்துப் பக்கம் கைகாட்டுச்சு, போன நூற்றாண்டு ஆரம்பத்துல இருந்து மனுஷன் தவளைய விக்கவும் வாங்கவும் செஞ்சதுல உலகம் சுத்தியிருக்குன்னு 2018ல எழுதினாங்க. கிழக்காசியத் தவளைங்க இதோட பழகிடுச்சு, மத்த ஊர்த் தவளைங்களுக்கு இது புதுசு.

"நீ தொண்ணூறுன்னு சொல்றப்போ எனக்கு அது ஒரு நம்பராத்தான் படுது"ன்னேன். அவ கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல, அப்புறம் "நாளைக்கு ஏரிங்களப் பாருண்ணா, சும்மா பாரு"ன்னா.

நாள் 3: சவுத் லேக்ல இருந்து பிஷப் கணவாய் தாண்டி

(சிக்னல் இல்ல, நோட்ல எழுதி வெச்சத கீழ எறங்கினப்புறம் போடுறேன்.)

சவுத் லேக் கார் பார்க்கிங்கே கிட்டத்தட்ட 3,000 மீட்டர் உயரம். அங்க இருந்து லாங் லேக், சாடில்ராக் லேக், பிஷப் லேக்னு ஒண்ணுக்கு மேல ஒண்ணா ஏரி, படிக்கட்டு மாதிரி. ஒவ்வொரு ஏரிக்கரைலயும் அவ நிப்பா, தண்ணி ஓரத்துப் பாறையெல்லாம் பாப்பா, நடப்பா. நானும் பாத்தேன். தண்ணி இருக்கு, புல் இருக்கு, பூச்சி இருக்கு, தூண்டில் போட்டு உக்காந்திருக்கவங்க இருக்காங்க, ட்ரவுட் மீன் துள்ளுது. மஞ்சக்கால் தவளை ஒண்ணுகூட இல்ல.

1910கள்ல பெர்க்லி மியூசியத்துல இருந்து ஜோசப் கிரின்னல் குழு யோசெமிட்டி பக்கம் உயிரினங்களக் கணக்கெடுத்தப்போ மலை மேல இருக்குற ஏரிங்கள்ல தவளை தேரை வகைல எதையும்விட அதிகமா இருந்தது இந்தத் தவளைதானாம். இப்போ பழைய இடத்துல தொண்ணூறு சதவீதத்துக்கு மேல காணோம், 2014ல அழியும் நிலைல இருக்குற இனம்னு அமெரிக்க அரசாங்கமே சட்டப்படி அறிவிச்சிருச்சு. நேத்து நம்பரா கேட்டது இன்னிக்கு ஏரி ஏரியா வெறுமையா கண்ணு முன்னாடி கிடக்குது, அவ பாருன்னு சொன்னது இதத்தான்.

பூஞ்சைக்கு முன்னாடியே ஒரு அடி விழுந்திருக்கு. இந்த உயர ஏரிங்க ஆரம்பத்துல பெரும்பாலும் மீனே இல்லாத ஏரிங்க, அருவியும் பாறையும் தாண்டி மீன் மேல ஏற முடியாது. மனுஷன்தான் தூண்டில் போடுறதுக்காக ட்ரவுட்டக் கொண்டுவந்து விட்டான், முதல்ல கோவேறு கழுதை மேல, அப்புறம் விமானத்துல இருந்தே கொட்டினாங்க. இந்தத் தவளையோட தலைப்பிரட்டை ஒரே வருஷத்துல தவளை ஆகாது, ரெண்டு மூணு வருஷம், சில இடத்துல நாலு வருஷம்கூட தண்ணிக்குள்ளயே இருக்கும், குளிர்காலத்துல பனிக்கட்டிக்கு அடியிலயே. அவ்ளோ நாள் ட்ரவுட் வாய்ல மாட்டாம தப்பிக்கணும்னா நடக்குற காரியமா. யோசெமிட்டில 1991ல மீன் விடுறத நிறுத்தினாங்க.

இங்க இருந்து தெற்கே கிங்ஸ் கேன்யன் பார்க்ல சிக்ஸ்டி லேக் பேசின்னு ஒரு இடம், அங்க வான்ஸ் வ்ரெடன்பர்க்னு ஒரு விஞ்ஞானி வலை போட்டு மீனையெல்லாம் எடுத்தாரு, தவளை குபுகுபுன்னு திரும்ப வந்துச்சு. அதைக் கண்ணாரப் பாத்த அதே மனுஷன், அடுத்த சில வருஷத்துல பூஞ்சை உள்ள வந்து அதே ஏரிங்கள்ல தவளைங்க மல்லாந்து மிதக்குறதையும் பாத்தாரு. ஒரு தவளை மேல சராசரியா 10,000 வித்து அளவுக்கு ஏறுற வரைக்கும் ஒண்ணும் தெரியாது, அத தாண்டினா ஏரி மொத்தமும் சரியும்னு அவங்கதான் கணக்குப் போட்டு சொன்னாங்க. இதச் சொல்லிட்டே தங்கச்சி ஏறினா, மூச்சு வாங்குது, ஆனா நிறுத்தல.

கணவாய் 3,649 மீட்டர். உச்சில காத்து தள்ளுது, எனக்குத் தலைவலி. அந்தப் பக்கம் எறங்கினா டூசி பேசின், கிண்ணம் மாதிரி ஒரு பள்ளம், சுத்தி பாலிசேட் சிகரங்க ரம்பம் மாதிரி நிக்குது, தரைல புல்லும் பாறையும் சின்னச் சின்ன ஏரியும். தண்ணில இருந்து நல்லா தள்ளி டென்ட் போட்டோம். சாப்பிட்டதும் தூங்கிட்டேன்.

நாள் 4: டூசி பேசின்

அவ வரணும்னு நெனச்ச இடம் இதுதான். 2010 கோடைல வ்ரெடன்பர்க் குழு இங்கதான் ஒண்ணு செஞ்சு பாத்தாங்க. பூஞ்சை அப்போதான் இங்க எட்டிப் பாக்குது, தவளைங்க இன்னும் சாகல, விட்டா சாகப்போகுதுன்னு தெரியும். தவளைங்களப் புடிச்சு, கொஞ்சத்த பாக்டீரியா கலந்த தண்ணில குளிப்பாட்டி விட்டாங்க, கொஞ்சத்த சும்மா விட்டாங்க. பூஞ்சைக்கு மருந்தா பாக்டீரியா. ஒரு வருஷம் கழிச்சு வந்து தேடினப்போ திரும்பக் கிடைச்சதெல்லாம் குளிப்பாட்டின கூட்டத்துத் தவளைங்கதான்.

அந்த பாக்டீரியா பேரு ஜாந்தினோபாக்டீரியம் லிவிடம். தங்கச்சி அத வளர்த்த தட்டோட போட்டோ போன்ல வெச்சிருக்கா, பாத்தா ஊதா மை கொட்டின மாதிரி இருக்கு, கத்தரிப்பூ நிறத்த இன்னும் கொஞ்சம் கறுக்க வெச்சா எப்படியோ அப்படி. அந்த ஊதாவுக்குப் பேரு வயலசின், பூஞ்சைய அடக்குறதுல அதுக்கும் பெரிய பங்கு. இந்தக் கதை ஆரம்பிச்சது தவளைல இல்ல, சாலமாண்டர்ல, பாக்கப் பல்லி மாதிரி இருக்கும், ஆனா தவளைக்குத்தான் சொந்தம். வர்ஜீனியால ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்துல ரீட் ஹாரிஸ்னு ஒருத்தர், சில சாலமாண்டர் இனத்துல தாய் முட்டையோடயே கிடக்குறதப் பாத்து, அதோட தோல்ல இருக்குற பாக்டீரியா முட்டையத் தாக்குற பூஞ்சையத் தடுக்குதான்னு சோதிச்சாரு. தடுத்துச்சு. அப்போ பெரிய தவளைகளைக் கொல்ற பூஞ்சையையும் தடுக்குமான்னு அடுத்த கேள்வி. 2009ல லேப்ல மஞ்சக்கால் தவளைங்க மேல இந்த ஊதா பாக்டீரியாவ ஏத்திட்டு பூஞ்சையக் காட்டினாங்க, ஏத்தின தவளை சாகல, ஏத்தாத தவளைங்க செத்துச்சு.

நான் கேட்டேன், "தவளை மேல பாக்டீரியா இருந்தா அதுக்கு நோய் வராதா?" அவ பதில் சொல்லாம பையில இருந்து ஒரு பஞ்சுக்குச்சிய எடுத்தா, "கைய நீட்டுண்ணா". முழங்கைல இருந்து மணிக்கட்டு வரைக்கும் மெதுவா உருட்டி உருட்டி தேய்ச்சா, வாய்க்குள்ள எண்ணிட்டே. தவளைன்னா வயித்துல இந்தப் பக்கம் அஞ்சு, அந்தப் பக்கம் அஞ்சு, தொடை ரெண்டுலயும் அஞ்சஞ்சு, பின்னங்கால் விரலுக்கு நடுவுல இருக்குற சவ்வுல அஞ்சஞ்சு, மொத்தம் முப்பது தடவை, ஒவ்வொரு தவளைக்கும் புதுக் கையுறை, புதுக் குச்சி. தவளைய அமுக்கக்கூடாது, நழுவவும் விடக்கூடாது, பின்னங்கால ரெண்டு விரலுக்கு நடுவுல லேசா புடிச்சுக்கணும். கடைசில குச்சி நுனியக் காட்டினா, வெள்ளையாத்தான் இருக்கு, ஒண்ணும் ஒட்டின மாதிரியே தெரியல. "இதுல உன் தோல்ல குடியிருக்கிற ஒரு ஊரே இருக்குண்ணா. உனக்கு மட்டும் இல்ல, எல்லாத்துக்கும் இப்படித்தான். தவளைக்கு அந்த ஊர்ல சிலதுங்க காவல்காரங்க."

பஞ்சுக்குச்சியக் கையில வாங்கி ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தேன். இவ்ளோ வருஷம் அவ என்ன வேலை பாக்குறான்னு கேக்குறவங்ககிட்ட "தவளை ஆராய்ச்சி"ன்னு ஒரு வார்த்தைல முடிச்சிருக்கேன், அவ உண்மைல பாக்குறது இந்த ஒண்ணுமில்லாத மாதிரி இருக்குற நுனியத்தான்.

இந்தக் காவல் எல்லா ஏரிலயும் ஒரே மாதிரி இல்ல. பூஞ்சை வந்தும் தவளை தாக்குப்புடிச்ச ஏரிங்கள்ல, பூஞ்சைய அடக்குற பாக்டீரியாவ சுமக்குற தவளைங்க அதிகமா இருந்துச்சு, அழிஞ்ச ஏரிங்கள்ல கம்மி. அப்படின்னா காவல் இருந்ததாலதான் பொழைச்சுதா, இல்ல பூஞ்சை வந்து அந்த ஊரையே கலைச்சுப் போட்டதால காவல் போச்சான்னு ஒரு கேள்வி வருது. 2014ல இதே தவளைய வெச்சு லேப்லயும் ஏரிலயும் பாத்து, பூஞ்சை ஏறுறப்போ பாக்டீரியாக் கூட்டமே தலைகீழா மாறுதுன்னு காட்டினாங்க. அவ நாலு வருஷமா மல்லுக்கட்டுறது இந்த முடிச்சோடதான். ரெண்டுமே உண்மையா இருக்கும்னு அவளுக்குத் தோணுது, எனக்கும் அவ சொல்றதக் கேட்டா அப்படித்தான் படுது.

மத்தியானம் ரெண்டு மணிக்கு இடி மின்னல், டென்ட்டுக்குள்ள ஒடுங்கிட்டோம். இன்னிக்கு டூசில எங்க கண்ணுக்குத் தவளை சிக்கல. அவ ஒண்ணும் சொல்லல, மழை விட்டதும் எழுந்து போய் இன்னொரு தடவை கரையச் சுத்திட்டு வந்தா.

நாள் 5: பேர் சொல்லாத ஏரி

இந்த ஏரி எங்க இருக்குன்னு எழுத மாட்டேன், எவ்ளோ தூரம் நடந்தோம்னும் சொல்ல மாட்டேன். படிக்கிறவங்க நல்லவங்கதான், ஆனா நாலு பேர் ஷூவோட வந்தா போதும், நானே முதல் நாள் அதைத்தான் பண்ணேன்.

காலைல வெயில் பாறை மேல விழ ஆரம்பிச்ச நேரம். தங்கச்சி சட்டுன்னு உக்காந்தா, என்னையும் கையப் புடிச்சு இழுத்து உக்கார வெச்சா. பாதி தண்ணிக்குள்ள இருக்குற ஒரு கல்லு மேல, கல்லோட கல்லா ஒரு தவளை. பழுப்பும் மஞ்சளுமா திட்டுத்திட்டா, கிரானைட்ல பாசி படிஞ்ச மாதிரியே நிறம். உள்ளங்கைக்குள்ள அடங்குற அளவு. தோல் முழுக்க ஈரம் மினுமினுக்குது, தொண்டை மட்டும் டக்டக்னு துடிக்குது. ஒரு பூச்சி வந்து பக்கத்துல உக்காந்துச்சு, தவளை தலைய அரை இஞ்ச் திருப்புச்சு, அவ்ளோதான், பூச்சியக் காணோம். அப்புறம் பின்னங்கால நீட்டிச்சு, அப்போதான் தொடைக்கு அடியில அந்த மஞ்சள் தெரிஞ்சுது, மாம்பழத் தோல் மஞ்சள்.

நாங்க கிட்டப் போகல, தொடல. பர்மிட் வெச்சிருக்கிற விஞ்ஞானிங்க தவிர வேற யாரும் தொடக்கூடாது. கையில புடிச்சா பூண்டு வாசனை அடிக்குமாம், அது எனக்குத் தெரியாமலே போகட்டும்.

தண்ணில ஆழம் கம்மியான ஓரத்துல தலைப்பிரட்டைங்க, ஒவ்வொண்ணும் என் சுண்டுவிரல் நீளம், சூடான தண்ணி தேடி கரைக்கு வந்து கிடக்குதுங்க. பைனாகுலர தலைகீழா புடிச்சா பூதக்கண்ணாடி மாதிரி ஆகும்னு அவ காட்டினா, கரையோரமா மிதந்து வந்த ஒண்ணோட வாயப் பாத்தேன், கறுப்பா ஒரு வளையம். தலைப்பிரட்டைக்கு அந்த வாய்ல மட்டும்தான் நகம் மாதிரி கெட்டிப்பொருள் இருக்கு, பூஞ்சைக்குத் தேவை அதுதான். அதனால தலைப்பிரட்டைக்குத் தொத்தினா வாய்ல மட்டும் தங்கும், கறுப்பு வெளுக்கும், ஆனா சாகாது. கால் மொளைச்சு தவளையா மாறுறப்போ உடம்புத் தோல் முழுக்க அந்தக் கெட்டிப்பொருள் வந்துடும், பூஞ்சை வாய்ல இருந்து உடம்பு முழுக்க எறங்கும். மூணு வருஷம் பனிக்கு அடியில பொழைச்சு வந்தது, தவளையான சில வாரத்துல செத்துப்போகும். நான் பாத்தது நல்ல கறுப்பு. அவளும் பாத்துட்டு ஒரு மூச்சு விட்டா.

அப்போ ஊதா பாக்டீரியாவ டிரம் டிரம்மா வளர்த்து எல்லா ஏரிலயும் ஊத்திட்டா என்னன்னு எனக்கு நேத்துல இருந்தே மனசுல இருந்துச்சு, கேட்டுட்டேன். அவ பனாமா கதைய சொன்னா. அங்க தங்கத் தவளைன்னு ஒண்ணு, நாட்டுக்கே அடையாளம், 2009க்கு அப்புறம் காட்டுல யாரும் பாத்ததாப் பதிவு இல்ல, அந்த இனம் தப்பிச்சது காப்பகத்துல வளர்த்ததாலதான். அதுங்க மேல அமெரிக்க சாலமாண்டர்ல இருந்து எடுத்த இதே ஊதா பாக்டீரியாவ ஏத்திப் பாத்தாங்க. கொஞ்ச நாள் தங்குச்சு, அப்புறம் குறைஞ்சு போச்சு, பூஞ்சை தன் வேலையக் காட்டிடுச்சு. அப்புறம் பனாமாத் தவளைங்கள்ல இருந்தே வேற வேற பாக்டீரியாவ எடுத்து முயற்சி பண்ணாங்க, அதுவும் காப்பாத்தல. ஆனா அந்தச் சோதனைல பொழைச்ச சில தவளைங்களப் பாத்தா, ஆரம்பத்துலயே அதுங்க தோல்ல இருந்த பாக்டீரியாக் கூட்டம் மத்ததுங்களவிட வேற மாதிரி இருந்திருக்கு.

தவளை அப்பப்போ மேல்தோல உரிச்சு அதையே தின்னுடும், உரியுறப்போ குடியிருக்கிற பாக்டீரியால நிறைய அதோட போயிடும், மிச்சம் இருக்குறதுதான் மறுபடி பெருகணும். தவளையும் தோல்ல புரதத் துண்டு மாதிரி சிலத சுரக்குது, அது எந்த பாக்டீரியாவ வாழவிடும், எத விடாதுன்னு இனத்துக்கு இனம் வேற. வெளியூர்க்காரன கொண்டுபோய் உக்கார வெச்சா இந்த வீட்டு வழக்கம் அவனுக்கு ஒத்துவரணுமே. டூசில ஏத்தினது இந்த மலைத் தவளைங்க தோல்லயே இருந்த பாக்டீரியா, எங்கயோ இருந்து கொண்டுவந்தது இல்ல. அதனாலதான் அவ எப்பவும் முதல்ல ஒரு ஏரித் தவளை மேல யார் யார் இருக்காங்கன்னு பாக்கணும், மருந்து யோசனை அதுக்கப்புறம்தான்னு சொல்லுவா. அவசரமா எல்லாத்துக்கும் ஒரே பாட்டில்னு நெனச்ச எனக்கு இது நல்லா உறைச்சுது.

"பாக்டீரியா மட்டும்தான் காப்பாத்துதுன்னு நான் சொல்ல மாட்டேண்ணா"ன்னும் சொன்னா. யோசெமிட்டில பூஞ்சை கூடவே இருந்தும் தவளைங்க எண்ணிக்கை இருபது வருஷத்துல ஏழு மடங்கு ஏறியிருக்குன்னு 2016ல நாப் குழு எழுதினாங்க. அந்த மாதிரி தாக்குப்புடிச்ச ஏரித் தவளைங்களப் புடிச்சு, அழிஞ்சுபோன ஏரிங்கள்ல விட்டாங்க, 2006ல இருந்தே செய்றாங்க, நிறைய இடத்துல அதுங்க முட்டை போட்டுப் பெருகி வேரூன்றிடுச்சுன்னு 2024ல எழுதினாங்க. அதுல தவளையோட மரபணுவுக்கும் நோய் எதிர்ப்புக்கும் பெரிய பங்கு. தோல் மேல இருக்குறதும் தோலுக்கு உள்ள இருக்குறதும் சேர்ந்துதான் சண்டை போடுது, எது எவ்ளோன்னு பிரிக்குறதுதான் அவளோட அடுத்த வேலையாம்.

நாலு மணிநேரம் உக்காந்திருந்தோம். மொத்தம் பதினோரு பெரிய தவளை எண்ணினோம். பதினொண்ணாவத எண்ணினப்போ அவ கண்ணு நிறைஞ்சுடுச்சு, நான் பாக்காத மாதிரி ஏரிப் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

நாள் 6: எறக்கம்

காலைல கிளம்பி கணவாய் ஏறி எறங்கி மத்தியானம் சவுத் லேக் வந்துட்டோம். கால் வலி தவிர வழில எழுத ஒண்ணும் இல்ல.

கார் கிட்ட வந்ததும் முதல் வேலை ஷூ. தண்ணில இருந்து தள்ளி, சரளை மேல வாளிய வெச்சு நானே தேய்ச்சேன், பல்லுக்குப் பல்லு சேறு இல்லாம, லேஸ அவுத்துத் தனியா, உள்ள பாதத்துக்கு அடியில இருக்குற அட்டையையும் எடுத்து. அவ ஒவ்வொண்ணா வாங்கி வெயில்ல புடிச்சு இடுக்கப் பாத்தா, ரெண்டு இடத்துல "இங்க"ன்னு காட்டினா, மறுபடி தேய்ச்சேன். டென்ட் கம்பி, கைத்தடி நுனி எல்லாத்தையும். நல்லா காய்ஞ்சா அந்தப் பூஞ்சை தாங்காது, ஆனா மேல மட்டும் காய்ஞ்சா பத்தாது, உள்ள வரைக்கும் காயணும்.

பானட் மேல ஷூவ வெச்சுட்டு நிழல்ல உக்காந்திருந்தப்போ, தூண்டிலும் இடுப்பு வரைக்கும் வர்ற ரப்பர் பேன்ட்டுமா ஒரு வயசானவர் வந்து என்ன பண்றீங்கன்னு கேட்டாரு. தங்கச்சி சொன்னா, அஞ்சு நாளா எனக்கு சொன்னத அஞ்சு நிமிஷத்துல, எங்கயும் குரல ஒசத்தாம. அவரு கேட்ட முதல் கேள்வி, "மீனுக்கு வருமா?" மீன இது கொல்லாதுன்னா. கொஞ்ச நேரம் தலையாட்டிட்டு நின்னாரு, நாளைக்கு வடக்க வேற ஏரிக்குப் போறதா சொன்னாரு, அவரோட பூட்ஸ் அடியில கெட்டியா கம்பளி ஒட்டியிருக்கு, வழுக்காம இருக்க, அது காய ரொம்ப நேரம் ஆகுமேன்னும் அவரே சொன்னாரு. அவ எழுந்து போய் மிச்சம் இருந்த ப்ளீச் பாட்டிலையும் பிரஷையும் எடுத்துட்டு வந்து கொடுத்தா, எவ்ளோ தண்ணிக்கு எவ்ளோன்னு பாட்டில் மேலயே பேனால எழுதிக் கொடுத்தா.

எங்க ஷூ காய ரெண்டரை மணிநேரம் ஆச்சு. அட்டைய மூக்குக்கிட்ட வெச்சுப் பாத்துட்டு, "காய்ஞ்சிருச்சுண்ணா, போலாம்"ன்னா.